சேறும் பூட்ஸும்

நடவுக் காலத்து மாலைகளில் எங்கள் ஊரில் ஒரு காட்சி தவறாமல் காணக் கிடைக்கும். பகல் முழுவதும் கணுக்கால் ஆழச் சேற்றில் நின்று நாற்று நட்ட பெண்கள், வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டு வந்து, திண்ணை ஓரத்தில் அமர்ந்து, கால்விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பார்கள். விரல் இடுக்குகள் வெளுத்து, ஊறி, வெடித்திருக்கும். அரைத்த மருதாணியை அந்த இடுக்குகளில் அப்பிக்கொண்டு, விளக்கு வைத்த பின்னும் காலை நீட்டியபடியே பேசிக்கொண்டிருப்பார்கள். "இது என்ன பாட்டி?" என்று நான் கேட்டால், "சேத்துப்புண்ணுடா, வேற என்ன? சேறு போனாப் புண்ணும் போகும்" என்பார் என் பாட்டி.

பிற்காலத்தில் நான் நகரத்துக்கு வேலைக்கு வந்தேன். பூட்ஸ் அணியத் தொடங்கிய மூன்றாம் ஆண்டில், அதே வெளுப்பும் வெடிப்பும் அரிப்பும் என் கால்விரல் இடுக்கிலே தோன்றின. அப்போது நான் சேற்றில் கால் வைத்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. சேறே இல்லாதவனுக்குச் சேற்றுப்புண் வருவது எங்ஙனம்? இந்த ஐயத்துக்கு விடை தேடப் புகுந்தபோதுதான், நாம் பொருட்படுத்தாத இச்சிறு நோய்க்கு நெடியதொரு வரலாறு உண்டு என்பதை அறிந்தேன். அவ்வரலாற்றை அறிந்தவர் இந்நோயை எளிதில் இனங்கண்டு விலக்கிக்கொள்வர் என்பது என் நம்பிக்கை.

ஊறுகாய்ச் சாடியில் ஈரக் கரண்டியை இட்டால் சில நாட்களில் மேலே வெண்மையாகப் பூத்துவிடுகிறது. அதைப் பூசணம் என்கிறோம். மழைக்காலத்துத் தோல் செருப்பிலும், ஈரச் சுவரிலும், பழைய ரொட்டியிலும் பூப்பது அந்தப் பெருங்குலத்தின் வெவ்வேறு வகைகளே. அக்குலத்தில் ஒரு சிறு கிளை மட்டும் விந்தையான உணவுப் பழக்கம் கொண்டது. நம் மேல்தோலின் உயிரற்ற பகுதியிலும், நகத்திலும், முடியிலும் கெராட்டின் என்ற கடினமான புரதப்பொருள் இருக்கிறது. மற்ற உயிரிகள் எளிதில் செரிக்க இயலாத இப்பொருளை இக்கிளை உண்டு வாழ்கிறது. உடலில் வட்ட வட்டமாகப் படரும்போது இதனைப் படர்தாமரை என்கிறோம். கால்விரல் இடுக்கில் குடியேறும்போது அதுவே நாம் பேசப்போகும் நோய்.

நோய்கள் கண்ணுக்குத் தெரியாத உயிர்களால் உண்டாகின்றன என்ற உண்மையை உலகுக்கு முதலில் உணர்த்தியவை பூசணங்களே என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். பாஸ்டரும் காக்கும் புகழ் பெறுவதற்கு முன்பே, 1835-ஆம் ஆண்டில், இத்தாலியைச் சேர்ந்த அகோஸ்தினோ பாசி என்பவர், பட்டுப்புழுக்களைச் சுண்ணாம்பு பூசியவைபோல் வெளுத்துச் சாகச் செய்த கொள்ளைநோய்க்கு ஒரு பூசணமே காரணம் என்று எடுத்துக்காட்டினார். அச்செய்தி மருத்துவர்களைச் சிந்திக்க வைத்தது. புழுவுக்கு நேர்வது மனிதனுக்கும் நேரலாம் அன்றோ?

பெர்லின் நகரில் ரொபர்ட் ரேமாக் என்ற இளம் மருத்துவர், தலைத்தோலில் மஞ்சள் பொருக்காகப் படியும் ஒருவகை நோயின் பொருக்கை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, அதில் நூல் நூலாகப் பூசண இழைகள் இருப்பதைக் கண்டார். பின்னர் அப்பொருக்கைத் தம் தோலிலேயே ஒட்டவைத்து, அந்நோயைத் தாமே வருவித்துக்கொண்டார். அதே காலத்தில், ஹங்கேரியில் பிறந்து பாரிஸில் மருத்துவம் செய்த டேவிட் கிரூபி, 1841 முதல் சில ஆண்டுகளுக்குள், தலையிலும் தாடியிலும் வரும் இத்தகைய நோய்கள் பலவற்றின் பூசணங்களை விவரித்து எழுதினார். 1845-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் மால்ம்ஸ்டன் ஒரு பேரினத்துக்கு டிரைக்கோஃபைட்டன் என்று பெயரிட்டார். முடியில் வளரும் செடி என்பது அப்பெயரின் பொருள்.

தலையைப் பார்த்தார்கள், தாடியைப் பார்த்தார்கள், காலை மட்டும் எவரும் குனிந்து பார்க்கவில்லை. கால்விரல் இடுக்கில் வரும் பூசண நோயை 1888-ஆம் ஆண்டில்தான் பெல்லிசாரி என்ற இத்தாலிய மருத்துவர் முதன்முதலாக எழுதி வைத்தார். அதன் பின்னரும் இருபது ஆண்டுகள் பெரும்பாலான மருத்துவர்கள் அதனை வியர்வைப் புண் என்றோ கரப்பான் என்றோ கருதி, பொருந்தாத களிம்புகளைக் கொடுத்து வந்தனர். 1908-ஆம் ஆண்டில் லண்டன் மருத்துவர் ஆர்தர் விட்ஃபீல்டு, காலில் தோன்றும் கரப்பான் போன்ற புண்களுள் பலவும் உண்மையில் படர்தாமரைப் பூசணத்தால் வருபவையே என்று வற்புறுத்திச் சொன்னார்.

விட்ஃபீல்டு சொன்னதோடு நிற்கவில்லை; மருந்தும் தந்தார். நூற்றுக்கு ஆறு பங்கு பென்சாயிக் அமிலமும் மூன்று பங்கு சாலிசிலிக் அமிலமும் கலந்த அவருடைய களிம்பு, அவர் பெயராலேயே உலகெங்கும் வழங்கலாயிற்று. நம் வீட்டுச் சாம்பிராணிக்கும் அதற்கும் ஓர் உறவு உண்டு. பென்சாயிக் அமிலத்தை முதலில் பிரித்தெடுத்தது சாம்பிராணிப் பிசினிலிருந்துதான். பெயரும் அதிலிருந்தே வந்தது. பழக்கூழும் ஊறுகாயும் பூசணம் பிடிக்காமல் இருக்க இன்றும் சேர்க்கப்படுவது அதன் உப்பே. சாடியில் செய்யும் வேலையைத்தான் அது விரல் இடுக்கிலும் செய்கிறது. சாலிசிலிக் அமிலமோ, பூசணம் வேரூன்றிய செத்த தோலை நெகிழ்த்து உதிர்க்கிறது. விலை மலிவான இந்தக் களிம்பு, உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் பல்லாண்டுகள் இடம் பெற்றிருந்தது.

விட்ஃபீல்டு லண்டனில் இதை எழுதிய காலத்திலேயே, நமக்கு அண்டை நாடாகிய இலங்கையில் மற்றொரு மருத்துவர் இதே துறையில் உழைத்துக்கொண்டிருந்தார். அவர் பெயர் ஆல்டோ காஸ்தெல்லானி. பிறந்தது இத்தாலியின் பிளாரன்ஸ் நகரம். 1903-ஆம் ஆண்டில் கொழும்புக்கு வந்து, அங்கிருந்த நுண்ணுயிர் ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவராகப் பத்தாண்டுகளுக்கு மேல் பணியாற்றினார். வெப்ப நாட்டுத் தோல் நோய்களை அவரைப்போல் கூர்ந்து நோக்கியவர் அந்நாளில் மிகச் சிலரே. 1910-ஆம் ஆண்டில் அவர் ஒரு பூசணத்தை விவரித்தார். ஆய்வுக்கூடத்தில் வளர்த்தால் அதன் அடிப்புறம் திராட்சை ரசம் போலச் சிவந்து காணும். ஆதலின் சிவப்பு என்று பொருள்படும் ரூப்ரம் என்ற சொல்லை அதன் பெயரில் இணைத்தார். டிரைக்கோஃபைட்டன் ரூப்ரம் என்று இன்று வழங்கும் அப்பூசணமே உலகில் கால் பூசண நோய்க்குத் தலையாய காரணம். காஸ்தெல்லானி அமைத்த செந்நிறப் பூச்சு மருந்தும் நெடுங்காலம் மருத்துவமனைகளில் பயன்பட்டது.

இவ்விடத்தில்தான் என் ஐயத்துக்கு விடை கிடைத்தது. இந்தச் செம்பூசணம் தென்கிழக்கு ஆசியாவிலும் அதனைச் சூழ்ந்த சில பகுதிகளிலும் தொன்றுதொட்டு இருந்தது என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். அங்கே மக்கள் வெறுங்காலுடன் நடந்தனர். அவர்களிடம் அது உடலில் படர்தாமரையாகவே பெரிதும் வாழ்ந்தது. காற்றும் வெயிலும் படும் காலில் அதற்கு நிலையான இடம் இல்லை. பின்னர் ஐரோப்பியப் படைவீரரும் வணிகரும் அதிகாரிகளும் அந்நாடுகளுக்கு வந்தனர். கம்பளிக் காலுறையும் இறுக்கமான தோல் பூட்ஸும் அவர்கள் காலில் இருந்தன. இருளும் வெப்பமும் ஈரமும் ஒருங்கே அமைந்த புதிய வீடு ஒன்று பூசணத்துக்குக் கிடைத்தது. அவ்வீட்டிலேயே அமர்ந்து அது கப்பலேறியது. முதல் உலகப்போருக்குப் பிந்திய ஆண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஊர் ஊராகப் பரவியது. ஆக, என் பாட்டியின் காலுக்குச் சேறு எதுவோ, அதுவே என் காலுக்குப் பூட்ஸ். இரண்டும் செய்வது ஒரே வேலை. விரல் இடுக்கை உலரவிடாமல் வைத்திருப்பது.

விரல் இடுக்கை மட்டும் அது ஏன் தேடுகிறது என்பதற்கும் காரணம் உண்டு. நம் உடலின் பிற பகுதிகளில் தோலுக்கு எண்ணெய் ஊட்டும் சுரப்பிகள் இருக்கின்றன. அவ்வெண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்கள் பூசணத்தை ஓரளவு தடுத்துக் காக்கின்றன. உள்ளங்காலில் அச்சுரப்பிகள் இல்லை; ஆனால் வியர்வைச் சுரப்பிகளோ மிகுதி. காவல் இல்லாத ஈர நிலம் அது. அதிலும் சுண்டுவிரலுக்கும் அதனை அடுத்த விரலுக்கும் இடையிலுள்ள சந்து மிகவும் நெருக்கமானது. ஆகவே பெரும்பாலோருக்கு நோய் அங்கேதான் தொடங்குகிறது.

அமெரிக்காவில் இந்நோய் பரவியபோது, நீச்சல் குளங்களிலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் பலர் வெறுங்காலுடன் நடந்த ஈரத் தரைகளே அதற்கு வழியாயின. 1920-களின் இறுதியில் மருந்து விளம்பரங்கள் இதற்கு விளையாட்டு வீரனின் பாதம் என்று பொருள்படும் பெயரைப் பரப்பின. அப்பெயரின் தந்திரத்தை நேயர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் அது சேற்றுப்புண். கூலி வேலை செய்பவரின் நோய். அங்கே அது வீரனின் நோய். வந்தால் ஓரளவு பெருமையும் உண்டு. பூசணத்துக்கு இவ்வேறுபாடு தெரியாது. உழவனையும் விளையாட்டு வீரனையும் அது ஒன்றாகவே பாவித்தது.

அடுத்து அது சுரங்கத் தொழிலாளியை நாடியது. பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கத்தை விட்டு மேலே வரும் தொழிலாளர்கள் கரி படிந்த உடலோடு வீடு செல்ல வேண்டாம் என்று, சுரங்க வாயிலிலேயே பொதுக் குளியலறைகள் கட்டித் தரப்பட்டன. நல்லெண்ணத்தால் செய்த செயல் அது. ஆனால் ஒருவர் காலிலிருந்து உதிர்ந்த தோல் துணுக்கு ஈரத் தரையில் கிடந்து அடுத்தவர் காலில் ஒட்டியது. கிளாஸ்கோ நகரத்து ஆராய்ச்சியாளர் ஜென்டில்ஸ் என்பவரும் அவருடைய தோழரும் சுரங்கத் தொழிலாளரின் கால் பூசணத்தைப்பற்றி 1957-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். தூய்மைக்கென்று அமைத்த இடமே நோய்க்கும் வழியாகலாம் என்பதை நாம் மறத்தலாகாது. கழுவுதல் பாதி வேலை. துடைத்து உலர்த்துவது மறு பாதி.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வெப்ப நாடுகளில் போரிட்ட அமெரிக்கப் படையினரிடையே இந்நோய் மிகுந்தது. அப்போது அவர்களிடம் பரவலாகப் பயன்பட்ட மருந்து அண்டிசைலெனிக் அமிலம். ஆமணக்கு எண்ணெயை, அதாவது நம் வீட்டு விளக்கெண்ணெயை, உயர்ந்த வெப்பத்தில் சிதைத்து அதனை எடுக்கிறார்கள். உள்ளங்காலில் இயற்கை வையாமல் விட்ட கொழுப்பு அமிலக் காவலை மனிதன் பொடியாகவும் களிம்பாகவும் தூவி வைத்தான் எனலாம்.

ஆயினும் ஈரம் என்பது எத்தகைய பகைவன் என்பதைப் படைத்தலைவர்கள் முழுமையாக உணர்ந்தது வியட்நாம் போரில்தான். 1968, 1969-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் 9-ஆம் காலாட்படைப் பிரிவு மீகாங் ஆற்றுக் கழிமுகத்தில், நெல் வயல்களின் ஊடே, நாட்கணக்கில் நீரில் நடந்து போரிட வேண்டியிருந்தது. பூட்ஸுக்குள் புகுந்த நீர் வெளியேறவில்லை. கால்கள் வெளுத்து வீங்கின. பூசணமும் பாக்டீரியாவும் சேர்ந்து தாக்கின. வீரர்கள் பணிக்கு வர இயலாமற் போன நாட்களில் பெரும் பங்கு தோல் நோய்களால் நேர்ந்தது. தோல் மருத்துவர்கள் களத்துக்கே சென்று ஆராய்ந்தனர். அதன் பயனாக, வயல் நீரில் 48 மணி நேரத்துக்கு மேல் படையினரை நிறுத்தலாகாது என்றும், பின் 24 மணி நேரமேனும் கால்களை உலரவிட வேண்டும் என்றும் அப்பிரிவில் விதி வகுக்கப்பட்டது. போர்க்களத்தில் காலை உலர்த்துவதற்கென்று ஒரு நாள் ஒதுக்கினார்கள் என்பதை எண்ணுங்கள். இதனை நான் மீண்டும் நினைவூட்டுவேன்.

மருந்தின் வரலாறும் இதற்கிடையில் ஒரு பெரும் திருப்பத்தைக் கண்டது. 1939-ஆம் ஆண்டில் லண்டனில் ஆக்ஸ்ஃபோர்டு, ரெய்ஸ்ட்ரிக், சிமோனார் ஆகிய மூவர் ஒரு பெனிசிலியப் பூசணத்திலிருந்து கிரிசியோஃபல்வின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அது மனித மருத்துவத்துக்கு வராமலே கிடந்தது. சுரங்கத் தொழிலாளரின் காலை ஆராய்ந்தாரே, அதே ஜென்டில்ஸ், 1958-ஆம் ஆண்டில் அதனைப் படர்தாமரை பிடித்த கினிப் பன்றிகளுக்கு உணவில் கலந்து கொடுத்துக் குணப்படுத்திக் காட்டினார். உடனே வியன்னாவிலும் லண்டனிலும் அமெரிக்காவிலும் அது மனிதருக்குக் கொடுக்கப்பட்டது. தோல்மீது பூசாமல், உண்ணும் மாத்திரையாலேயே தோல் பூசணத்தை நீக்கும் காலம் பிறந்தது. பூசணத்துக்குப் பூசணமே பகையாயிற்று. பின்னர் 1970-களில் குளோட்ரிமசோல், மைக்கோனசோல் முதலிய களிம்புகளும், 1990-களில் டெர்பினஃபைனும் வழக்குக்கு வந்தன.

இத்தனை மருந்துகள் இருந்தும் நோய் ஏன் ஒழியவில்லை என்பதற்கு என் அனுபவமே ஒரு சான்று. எனக்கு அரிப்பு வந்தபோது நான் மருத்துவரிடம் போகவில்லை. கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கினேன். மூன்றே நாளில் அரிப்பு நின்றது. நான்காம் நாள் களிம்பை நிறுத்தினேன். சில வாரங்களில் மீண்டும் வந்தது, மீண்டும் பூசினேன். இவ்வாறு இரண்டு மாதம் கழிவதற்குள் விரல் இடுக்கில் இருந்தது உள்ளங்காலுக்கும், அங்கிருந்து தொடை இடுக்குக்கும் பரவிவிட்டது. பிறகுதான் மருத்துவரை நாடினேன். அவர் தோலைச் சிறிது சுரண்டியெடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக் கரைசல் ஒரு துளி விட்டு, நுண்ணோக்கியில் என்னையும் பார்க்கச் சொன்னார். ரேமாக் கண்ட அதே இழைகள்! நான் பூசிய களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருந்தது என்று அவர் விளக்கினார். ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பை அடக்குகிறது. அரிப்பும் சிவப்பும் அடங்கும். பூசணமோ தடையின்றி வளரும். காவற்காரனை உறங்க வைத்துவிட்டு, ஊர் அமைதியாக இருக்கிறது என்று மகிழ்வது போன்றது அது.

என் கதை தனி ஒருவனின் கதை அன்று. இத்தகைய கலவைக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி வாங்கிப் பூசும் வழக்கம் நம் நாட்டில் மிகவும் பரவியிருந்தது. 2018-ஆம் ஆண்டில் ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று இந்திய அரசு விதித்தது. டெர்பினஃபைனுக்கு எளிதில் அடங்காத ஒரு பூசண இனம் இந்தியாவில் பரவி, 2020-ஆம் ஆண்டில் டிரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே என்று தனிப் பெயரும் பெற்றது. அது காலைவிட உடலிலும் தொடை இடுக்கிலும் மிகுதியாகப் படர்வது. ஸ்டீராய்டுக் களிம்பைத் தாறுமாறாகப் பூசியதும், மருந்தை அரைகுறையாக நிறுத்தியதும் இந்நிலைக்குத் துணை புரிந்தன என்று தோல் மருத்துவர்கள் கருதுகின்றனர்.

இனி, நோயை அறிவது எப்படி? அது மூன்று வடிவில் வரும். முதலாவது, விரல் இடுக்கு வெளுத்து, ஊறி, உரிந்து, அரிப்பும் சில வேளை நாற்றமும் உண்டாவது. இரண்டாவது, உள்ளங்காலும் பாதத்தின் ஓரங்களும் மாவு தூவியதுபோல் வறண்டு உரிவது. இது பெரிதாக அரிக்காது. வெறும் வறட்சி என்று பலரும் ஏமாந்து, எண்ணெய் தடவிக்கொண்டே இருப்பர். மூன்றாவது, பாதத்தின் உட்குழிவில் சிறு நீர்க்கொப்புளங்கள் தோன்றுவது. சிலருக்கு இரண்டு பாதங்களோடு ஒரே ஒரு கையும் உரியும். நகம் மஞ்சளித்துத் தடித்து நொறுங்கினால், பூசணம் அங்கே கோட்டை கட்டியிருக்கக் கூடும். அக்கோட்டையை விட்டுவைத்தால் பாதம் குணமாகியும் நோய் திரும்பத் திரும்ப வரும்.

எல்லா உரிதலும் பூசணம் அன்று. கரப்பானும், காளாஞ்சகப் படையும், செருப்பின் ரப்பரும் பசையும் ஒவ்வாமையால் உண்டாக்கும் தடிப்பும் இதைப் போலவே தோன்றும். நெடுநேரம் நீரில் ஊறிய தோலில் பூசணத்தோடு பாக்டீரியாவும் சேர்ந்திருக்கும். ஆதலால் ஐயம் எழுந்தால் தோலைச் சுரண்டிச் சோதிப்பதே முறை. மதுரைப் பாதம் என்று 1840-களில் நம் மதுரையில் ஆங்கில மருத்துவர்கள் பெயரிட்ட நோயோடும் இதைக் குழப்பிக்கொள்ளுதல் கூடாது. அது முள் குத்திய வழியே தோலுக்கு அடியில் புகுந்து, வீங்கி, துளைகள் வழியே மணி மணியாகக் கசிந்து, எலும்பையும் அரிக்கும் கொடிய நோய். நம் நோயோ தோலின் மேற்பரப்போடு நிற்பது.

மேற்பரப்போடு நிற்பதானால் அஞ்சுவானேன் என்று கேட்கலாம். பூசணம் உள்ளே போவதில்லை. ஆனால் அது திறந்துவைக்கும் வெடிப்பின் வழியே பாக்டீரியா உள்ளே போகும். கால் திடீரெனச் சிவந்து, வீங்கி, சுட்டு, குளிரும் காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நீரிழிவு உடையவருக்கு உணர்ச்சி மரத்த காலில் இந்த வெடிப்பு தெரியாமலே இருந்து, காலையே இழக்கும் நிலைக்கு இட்டுச் செல்லலாம். யானைக்கால் நோயாளிகளுக்கு அடிக்கடி வரும் காய்ச்சலுக்கும் வீக்கத்துக்கும் விரல் இடுக்குப் புண்ணே பெரும்பாலும் நுழைவாயில். ஒவ்வொரு காய்ச்சலும் காலை மேலும் பருக்கச் செய்கிறது. எனவேதான் அவர்களுக்கு நாள்தோறும் காலைச் சோப்பிட்டுக் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்து உலர்த்தி, பூசணக் களிம்பு பூசக் கற்பிக்கிறார்கள். இவர்கள் சுய மருத்துவம் செய்தல் ஆகாது.

மற்றவர்க்கு மருத்துவம் எளிது, பொறுமைதான் அரிது. ஸ்டீராய்டு கலவாத பூசணக் களிம்பை, புண்ணின் மீதும் அதைச் சூழ்ந்த நல்ல தோலின் மீதும் பூச வேண்டும். டெர்பினஃபைன் ஒன்றிரண்டு வாரமும், குளோட்ரிமசோல் போன்றவை நான்கு வாரம் வரையும் பூசவேண்டியிருக்கும். அரிப்பு நின்ற நாள் நோய் நின்ற நாள் அன்று. உள்ளங்கால் முழுதும் உரிந்தாலோ, நகத்தில் ஏறினாலோ, மாத்திரை தேவைப்படலாம்; அதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். மருதாணி பூசணத்தின் வளர்ச்சியைத் தடுப்பதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. நம் பாட்டியரின் கைமருந்து பொருளற்றது அன்று. ஆயினும் முற்றிய நோய்க்கு அதை மட்டும் நம்பியிருத்தல் தகாது.

வராமல் காப்பதோ இன்னும் எளிது. குளித்தபின் விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் துணியால் ஒற்றி உலர்த்த வேண்டும். காலுறையை நாள்தோறும் துவைத்து மாற்ற வேண்டும். ஒரே பூட்ஸை நாள் தவறாமல் அணியாமல், ஒருநாள் விட்டு ஒருநாள் அணிந்து, இடையில் அதனை உலரவிட வேண்டும். விடுதிக் குளியலறையிலும் நீச்சல் குளத்தின் ஓரத்திலும் செருப்பு அணிந்தே நடக்க வேண்டும். ஒருவர் துண்டை மற்றவர் பயன்படுத்தலாகாது. காலில் புண் உள்ளவர், உடுக்கும்போது முதலில் காலுறையை அணிந்து பிறகு உள்ளாடையை அணிந்தால், தொடை இடுக்குக்கு நோய் ஏறாமல் தடுக்கலாம்.

இவையெல்லாம் எனக்கு எளிதாயின. என்னிடம் இரண்டு ஜோடி பூட்ஸ் உண்டு. மாலையில் காலை உலர்த்த நேரமும் உண்டு. நான் ஆறு வாரத்தில் குணமடைந்தேன். ஆனால் இந்த வரலாற்றைப் படித்து முடித்தபோது என் நினைவு மீகாங் வயலுக்கே திரும்பியது. அங்கே அன்னிய வீரன் ஒருவன் இரண்டு நாள் சேற்றில் நின்றால் மூன்றாம் நாள் அவன் கால் உலர வேண்டும் என்று ஒரு படையே விதி வகுத்துக்கொண்டது. நம் வயல்களில் நாற்று நடும் பெண்ணோ, நடவு தொடங்கிய நாள் முதல் முடியும் நாள் வரை நாளுக்கு ஒரு வயலாகச் சேற்றில் நிற்கிறாள். அவள் காலுக்கு உலரும் நாள் ஒன்றை எவரும் வகுத்ததில்லை. ஒருநாள் நின்றால் ஒருநாள் கூலி போகும்.

"சேறு போனாப் புண்ணும் போகும்" என்று என் பாட்டி சொன்னது சரியான மருத்துவமே என்பதை இப்போது அறிகிறேன். நூறாண்டு ஆராய்ச்சியும் அதற்கு மேல் சொல்லிவிடவில்லை. ஆனால் அவருக்குச் சேறு போன நாட்கள் மிகக் குறைவு. அடுத்த நடவுக்கு ஆள் விடும்போது, நேயர்களில் நிலம் உடையவர்கள் ஆட்களை முறை மாற்றி ஒருநாள் கரையில் வேலை கொடுக்க இயலுமா என்று எண்ணிப் பார்க்கலாம்; கூலியோடு ஒரு களிம்புக் குழாயும் உலர்ந்த துணியும் கொடுக்கலாம். சோறு தரும் கால்களுக்கு அவ்வளவேனும் செய்வது நம் கடமை அன்றோ?